டைகருக்குக் கல்லடைப்பு வந்தபோது

நாய் வளர்க்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மனிதருக்குக் கல்லடைப்பு வரும் என்று எனக்குத் தெரியும். நாய்க்கும் வரும் என்று தெரியாது. மூத்திரப்பையில் கல் வளரும், அந்தக் கல் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும் என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு வாரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன். ஆனால் எழுத ஆரம்பித்த பிறகுதான் தெரிகிறது, நோயைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு எழுந்துபோக முடியாது என்று. அது எப்படி வந்தது என்பதையும் எழுத வேண்டும். அதில் என் பங்கு இருக்கிறது.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுனில் எங்கள் வீடு. வீட்டில் நானும் என் மாமனாரும் மட்டும்தான். கணவர் பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே மௌத்தாகிவிட்டார். மாமனார் துறைமுகத்தில் மணிலாக்கொட்டை மூட்டை ஏற்றி அனுப்பும் வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர். அதிர்ந்து பேச மாட்டார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்ததும், கப்பலேறுவதற்கு முன்னால் என் கணவர் எங்கிருந்தோ ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து கொல்லையில் விட்டுவிட்டுப் போனார். அதுதான் டைகர். செம்பட்டை நிறம், கிழிந்த இடது காது, நல்ல குரல்.

காவலுக்கு நாய் வைத்துக்கொள்ள எங்கள் மார்க்கத்தில் இடம் உண்டு. ஆனால் அதன் எச்சிலோ ஈரமோ பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரில். நான் ஏழோடு நிறுத்துகிற ஆள் இல்லை. என் சுத்தம் எங்கள் தெருவில் பிரசித்தம். யார் வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுப் பெண்கள் அவசர அவசரமாகப் பாயை உதறுவார்கள்.

எங்கள் கொல்லையில்தான் கிணறு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்கிற கல்லும், தொழுகைத் துணி காய்கிற கொடியும் அங்கேதான். டைகரும் அங்கேதான். ஆகவே நான் ஓர் ஏற்பாடு செய்தேன். தினம் மூன்று தரம் கொல்லைக் கதவைத் திறந்து, ஒரு தரம் கையைத் தட்டி, “ம், போ” என்பேன். அது உப்பங்கழி ஓரமாகப் போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்பும். கொல்லைக்குள் ஒரு சொட்டு விடக் கூடாது. குட்டியாக இருந்தபோது விட்டதற்கெல்லாம் விளக்குமாற்றால் வாங்கிக்கொண்டது. ராத்திரியில் அடக்க முடியாமல் விட்டுவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். சாயந்திரம் நாலரை மணிக்கு, அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும், அதன் தண்ணீர்ச் சட்டியைக் கவிழ்த்துவிடுவேன். மறுநாள் விடிந்து சுபுஹு தொழுத பிறகுதான் மறுபடி தண்ணீர். மூன்று வருஷம் இப்படி நடந்தது. கொல்லை பளிங்கு மாதிரி இருந்தது. எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது.

மாசி மாதம் முதல் வாரத்தில் டைகர் வெளியே போனால் திரும்பி வர நேரமாயிற்று. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு புதரிடமும் காலைத் தூக்கி நின்றது. நாலு சொட்டு விழுந்தது. நகர்ந்து போய் மறுபடி தூக்கியது. ஊர் சுற்றுகிறது என்று நினைத்துத் திட்டினேன். பிறகு படுத்துக்கொண்டே அந்த இடத்தை ஓயாமல் நக்க ஆரம்பித்தது. பக்கத்தில் போனால் ஒரு கெட்ட வாடை. மூன்றாம் நாள் வெளிச் சுவரில் அது விட்ட சொட்டுகள் செம்மண் தண்ணீர் நிறத்தில் இருந்தன. அது ரத்தம். எதையாவது கடித்து வாயில் காயமாகியிருக்கும், அந்த ரத்தம்தான் சுவரில் பட்டிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாய் வைத்திருக்கிறவர்களே, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

நான் போகவில்லை. அது முதுகை வளைத்து முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று முடிவு கட்டினேன். சோற்றில் விளக்கெண்ணெய் ஊற்றி வைத்தேன். இரண்டு நாள் வயிற்றோட்டமாகப் போயிற்று. முக்கல் மட்டும் நிற்கவில்லை. அப்புறம் சோற்றையே மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது.

எங்கள் தெரு முனையில் ஜட்கா ஓட்டுகிற கோவிந்தசாமி அண்ணன் அன்றைக்கு மாமாவைப் பார்க்க வந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கம் விவசாயக் குடும்பம், நிலம் கைவிட்டுப் போய் வண்டிக்கு வந்தவர். மாமாவை மாமா என்றே கூப்பிடுவார். மாமாவும் அவரை மாப்பிள்ளை என்பார். அவர் கொல்லைக்கு வந்து டைகர் பக்கத்தில் குந்தி, அது முக்குவதையும் சோற்றில் மிதந்த விளக்கெண்ணெயையும் பார்த்தார்.

“மாமா, இது வெளிக்கிப் போறதுக்கு முக்கல. நல்லா பாருங்க, முன்னாடிக்குத்தான் முக்குது. எங்க ஊர்ல காளைக்கு வரும், ஆட்டுக் கெடாவுக்கு வரும். கல்லடைப்பு இது.”

“நாய்க்குமா மாப்ள?”

“மூத்திரம் பெய்யிற எதுக்கும் வரும் மாமா. அவுங்க விளக்கெண்ண குடுத்துருக்காங்களே, அது வேற வழிக்கு.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கல் என்று தெரிந்துவிட்டதே, கல்லுக்கு வாழைத்தண்டு என்று யாருக்குத்தான் தெரியாது! மார்க்கெட்டுக்கு ஆள் அனுப்பி வாழைத்தண்டு வாங்கி, இடித்துப் பிழிந்து, பார்லித் தண்ணீரும் காய்ச்சினேன். கோவிந்தசாமி அண்ணன் வாயைப் பிடித்துக்கொள்ள, மாமா மூங்கில் குழாயால் ஊற்றினார். அரைப்படி உள்ளே போயிருக்கும். சாயந்திரத்துக்குள் டைகரின் வயிறு மேளத்தோல் மாதிரி விறைத்துவிட்டது. மூத்திரம் ஒரு சொட்டும் இல்லை. மஞ்சளாக வாந்தி எடுத்தது. எழுந்து நின்றால் பின்கால் நடுங்கிற்று.

மறுநாள் விடிந்ததும் ஜட்காவில் சாக்கு விரித்துப் படுக்கவைத்து மஞ்சக்குப்பத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர் வயிற்றை ஒரு விரலால் தொட்டார், உடனே கையை எடுத்துவிட்டார்.

“எத்தினி நாளா இப்பிடி இருக்கு?”

மாமா சொன்னார். வாழைத்தண்டுச் சாற்றையும் சொன்னார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“அடைச்ச சாக்கடையில கொடம் கொடமா தண்ணிய ஊத்துவீங்களா? மூத்திரம் போயிக்கிட்டு இருக்கறப்ப தண்ணி குடுக்கலாம், நல்லதுதான். அடைச்சதுக்கப்பறம் குடுத்தா பை வெடிச்சிடும். அத்தோட போச்சு.”

நான் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். மீதியை அவர் மாமாவிடம்தான் விளக்கினார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆண் நாய்க்கு அந்த உறுப்பின் உள்ளே ஒரு சிறு எலும்பு இருக்கிறதாம். மூத்திரக்குழாய் அந்த எலும்பின் பள்ளத்தில் போகிறது. அந்த இடத்தில் குழாயால் விரிந்துகொடுக்க முடியாது. ஆகவே பையிலிருந்து இறங்குகிற கல் அங்கேதான் வந்து மாட்டும். பெட்டை நாய்க்குக் குழாய் அகலம், கல் இருந்தாலும் இப்படி முழுசாக அடைப்பது குறைவு என்றார்.

மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை எண்ணெய் தடவி உள்ளே செலுத்திப் பார்த்தார். சரியாக அந்த எலும்புக்கிட்டே போய் நின்றுவிட்டது. “கரகரங்குது” என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு வயிற்றில் ஒரு நீள ஊசியைக் குத்தி, பையிலிருந்தே மூத்திரத்தை உறிஞ்சிப் பீங்கான் தட்டில் விட்டார். சிவப்பாக, கெட்டியாக இருந்தது. தட்டு நிறையும் சமயம் கை தவறித் தரையில் கொஞ்சம் சிந்திவிட்டது.

அப்போது டைகர் தலையைத் தூக்கிற்று. தரையைப் பார்த்தது. அப்புறம் என்னைப் பார்த்தது. பார்த்ததும் காதை மடக்கி, வாலை இடுக்கிக்கொண்டு, அரை உயிராகக் கிடந்த உடம்பை அப்படியே குறுக்கிக்கொண்டது. விளக்குமாறு வரும் என்று நினைத்துவிட்டது. என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்த்து அப்படிப் பயந்ததில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

“இது நாளைக்கு வரைக்கும் தாங்கும். அறுத்துத்தான் எடுக்கணும். இங்க அதுக்கு வசதி இல்ல. சிதம்பரத்துல தனியா ஆஸ்பத்திரி வெச்சிருக்கற ஒரு டாக்டர் இருக்காரு, மெட்ராஸ்ல நாய்ங்களுக்கு ஆபரேஷன் பண்ணிப் பழகுனவரு. சீட்டு எழுதித் தர்றேன். செலவு ஆவும்” என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். “என்னம்மா செய்யலாம்?”

வீட்டில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார். அது மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

“போவலாம் மாமா” என்றேன்.

பகல் பாசஞ்சரில் கிளம்பினோம். நாய்க்குத் தனி டிக்கெட் உண்டு. கார்டு பெட்டியில் கம்பிக் கதவு போட்ட ஒரு சின்ன அறையில் அதை அடைத்துவிடுவார்கள். நாங்கள் அதற்கு அடுத்த பெட்டியில் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்குமுன்பே மாமா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். எழுபது வயசு மனிதர் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, விசில் ஊதும்போது ஏறுவார். கடைசியில் கார்டே பொறுக்க முடியாமல் தலையை நீட்டி, “மூச்சு இருக்கு பாய்! ஒக்காருங்க, நீங்க விழுந்துறப் போறீங்க” என்று கத்தினார்.

சிதம்பரத்து டாக்டர் சின்ன வயசுக்காரர். மெதுவாகப் பேசுவார். ஒரு பழைய வீட்டின் கீழ்க்கட்டில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். பினாயில் வாடை. நீள பெஞ்சில் கிள்ளையிலிருந்து சினை ஆட்டோடு வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஆட்டை இழுத்துக்கொண்டு நகர்ந்து, “மொதல்ல நீங்க போங்க, உங்களது கண்ணு சொருகிக் கெடக்கு” என்றார். அவர் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். வயசு, சாப்பாடு, எப்போதிலிருந்து ரத்தம் என்று எல்லாம் எழுதிக்கொண்டார்.

“தண்ணி எந்நேரமும் வெச்சிருப்பீங்களா?”

மாமா வாயெடுக்குமுன் நான் சொன்னேன். “வெச்சிருப்போங்க.”

“அடக்கிக்கிட்டு இருக்கற மாதிரி கட்டிப் போடுவீங்களா?”

“இல்லீங்க.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னதில் எனக்கு அப்போது கூச்சம்கூட வரவில்லை. அந்தக் கேள்வியில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் தோன்றிற்று.

எக்ஸ்ரே அங்கே கிடையாது. தெரிந்த ஓர் எக்ஸ்ரே டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மனிதர்களுக்கு எடுக்கிற இடம் அது. நோயாளிகள் சாப்பிடப் போன நேரத்தில் பின்வாசல் வழியாக டைகரை உள்ளே விட்டார்கள். அங்கே இருந்த ஆள் மாமாவை முன்னங்கால்களைப் பிடிக்கச் சொன்னார். பின்னங்கால்களைப் பிடிக்க ஆள் இல்லை.

“நீங்க பிடிங்கம்மா.”

மூன்று வருஷத்தில் நான் டைகரைத் தொட்டதே இல்லை. தூரத்திலிருந்தே சோற்றைத் தள்ளி, தூரத்திலிருந்தே கையைத் தட்டிப் பழகியவள். பிடித்தேன். கால் எலும்பும் தோலுமாக, சுடச்சுட இருந்தது. ஆடாமல் அசையாமல் கிடந்தது. நான் தொட்டதில் அதற்கு ஆச்சரியம் இருந்ததா, பயம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஈரம் காயாத படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்கள். கறுப்பில் வெள்ளையாக, பைக்குள் கொண்டைக்கடலை மாதிரி மூன்று. கீழே குழாயில் மிளகு மாதிரி இரண்டு. அந்த இரண்டுதான் அடைத்துக்கொண்டிருந்தன.

ஆபரேஷன் எப்படி என்று டாக்டர் எங்களுக்கு விளக்கினார். நரம்பில் ஊசி போட்டு மயக்க வேண்டும். ரப்பர் குழாய் வழியாக உப்புத்தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் குழாயில் மாட்டிய கற்கள் திரும்பவும் பைக்குள் போய்விடும். அப்புறம் வயிற்றைத் திறந்து பையை வெளியே எடுத்து, கீறி, எல்லாக் கல்லையும் எடுத்துவிட்டு, உள்ளே கழுவித் தைக்க வேண்டும். “ரெண்டு நாளா விஷம் ரத்தத்துல ஏறியிருக்கு. மயக்கத்துலேருந்து எழுந்திரிக்காமலும் போவலாம். தெரிஞ்சுக்கிட்டு சம்மதிங்க.” மாமா கையெழுத்துப் போட்டார்.

ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நாய்க்காக அல்லாவிடம் துஆ கேட்கலாமா என்று யோசித்தேன். யோசித்துக்கொண்டே கேட்டும்விட்டேன்.

டாக்டர் வெளியே வந்து ஒரு தட்டை நீட்டினார். ஐந்து கல். மஞ்சள் கலந்த வெள்ளை, சொரசொரப்பு. “பொழைச்சிக்கிச்சு” என்றார். மாமா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அதற்குள் டாக்டர் பேச ஆரம்பித்துவிட்டார்.

“உங்க வீட்டு வெந்நீர் அண்டாவுல அடியில வெள்ளையா படியுதில்ல, அதே கததான். தண்ணி கம்மியா குடிச்சா மூத்திரம் கெட்டியாவும். அத ரொம்ப நேரம் அடக்கி வெச்சா உப்பு படியும். அதுல கிருமியும் சேந்துடுச்சின்னா கல்லு வளரும். ஒரு நாள்ல வர்றதில்ல இது. மாசக்கணக்கா, வருஷக்கணக்கா ஆவும். சில நாய்க்கு எல்லாம் சரியா இருந்தும் வரும். உங்களது அந்த ஜாதி போலருக்கு.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் என் பொய்யை நம்பிச் சொன்னார். நான் தட்டிலிருந்த கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவலுக்கு நாய் இல்லாத வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு இருவரும் தங்க முடியாது. மாமா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஜமுக்காளம் விரித்துக்கொண்டார். நான் கடைசி வண்டியில், வாழ்க்கையில் முதல் தரம் தனியாக, கடலூர் திரும்பினேன். இரண்டு நாள் குழாய் உள்ளேயே இருக்கும், மூத்திரம் தானாக வடியும், மூன்றாம் நாள் எடுத்துவிடுவார்கள் என்று ஏற்பாடு.

அந்த இரண்டு நாளும் வீட்டில் தனியாகக் கிடந்தேன். கொல்லையில் சட்டி நான் கவிழ்த்தபடியே இருந்தது. தாகத்தில் நாக்கைத் தொங்கப்போட்ட நாய்க்குத் தண்ணீர் கொடுத்ததற்காகப் பாவம் மன்னிக்கப்பட்ட பெண்ணின் கதையை மீலாது பயான் பிரசங்கங்களில் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் கண் கலங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து சட்டியைக் கவிழ்த்திருக்கிறேன். மார்க்கம் நாயின் ஈரத்தைக் கழுவச் சொல்லியிருக்கிறது. தண்ணீரைப் பிடுங்கச் சொல்லவில்லை. அது என் சொந்தச் சட்டம்.

மூன்றாம் நாள் பகலில் தந்தி வந்தது. பினாங்கில் ஆள் இருக்கும் வீட்டில் தந்தி என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். தந்திக்காரர் என் நிலைமையைப் பார்த்து அவரே பிரித்துப் படித்தார். ஒரு தரம் படித்து, சந்தேகப்பட்டு இன்னொரு தரம் படித்தார்.

“பயப்படாதீங்கம்மா. சிதம்பரத்துலேருந்து. நாய் மூத்திரம் போவல, உடனே கெளம்பி வான்னு போட்டிருக்கு.”

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. கோவிந்தசாமி அண்ணன் வண்டியில் ஸ்டேஷனுக்கு விட்டார். மறுபடியும் தனியாக ரயிலேறினேன்.

டாக்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். விடியற்காலையில் குழாயை எடுத்திருக்கிறார்கள். மத்தியானம் மூன்று மணி ஆகியும் ஒரு சொட்டு இல்லை. “அடைப்பு இல்லம்மா, வழி சுத்தமா இருக்கு. நாய்தான் அடக்குது. வெளியில கூட்டிக்கிட்டுப் போறோம், மோந்து பாக்குது, திரும்பித் திரும்பி யாரையோ தேடுது, ஒக்காந்துக்குது. பை நெறஞ்சுக்கிட்டே இருக்கு. புதுத் தையல், பிரிஞ்சா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாது. மறுபடி குழாய் விட்டா உள்ள வீங்கியிருக்கறது புண்ணாயிடும். பெரியவர்தான் சொன்னாரு, நீங்க வந்து சொல்லாம அது போவாதுன்னு.”

மாமா என்னைப் பார்க்காமல் டைகரின் சங்கிலியைக் கையில் கொடுத்தார். வயிற்றில் கட்டுப் போட்டிருந்தது. என்னைக் கண்டதும் வால் நுனி மட்டும் ஆடிற்று. நான் அதை மெதுவாக நடத்திக்கொண்டு தெருவாசலுக்குப் போனேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஜட்காக்காரர்கள், பெஞ்சில் இருந்தவர்கள், எதிர் வீட்டுப் பெண்கள். கதவைச் சாத்தச் சொல்லி, பிறகு வீட்டில் செய்கிற மாதிரி நானே திறந்தேன். கையை ஒரு தரம் தட்டினேன்.

“ம், போ.”

வெளியே வந்து சுவரோரம் நின்றது. காலைத் தூக்க முடியவில்லை. என் காலோடு ஒட்டிச் சாய்ந்துகொண்டு நின்றபடியே விட்டது. முதலில் இளஞ்சிவப்பாக, பிறகு தெளிவாக, சத்தத்தோடு, நிற்காமல் வந்தது. என் வெள்ளைத் துப்பட்டியின் ஓரமெல்லாம் நனைந்தது. நான் நகரவில்லை. “இன்னும் போ, இன்னும் போ” என்று சொல்லிக்கொண்டே நின்றேன். பாதியில் அது நிமிர்ந்து என்னைப் பார்த்தது, அடிக்கப்போகிறேனா என்று. நான் அதன் தலையில் கையை வைத்தேன். அந்தத் துப்பட்டியைப் பிறகு வீட்டில் முறைப்படி மண் கரைத்து ஏழு தரம் கழுவினேன். எட்டாம் தரம் கழுவவில்லை.

உள்ளே வந்ததும் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். “அன்னைக்கி நான் சொன்னது பொய்யிங்க. அசருக்கு மேல நான் தண்ணி வெக்கறதில்ல. மூணு வருஷமா. கொல்லையில விடக் கூடாதுன்னு அடிச்சுப் பழக்குனேன்.”

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தாளை எடுத்து முன்பு எழுதியதை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார். “இனிமே ராவும் பகலும் தண்ணி இருக்கணும். ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ வெளிய விடுங்க. ராத்திரியில உள்ள விட்டுச்சின்னா அடிக்காம கழுவிடுங்க. நெறம் மாறுனாலோ சொட்டுச் சொட்டா வந்தாலோ ஒடனே தூக்கிக்கிட்டு வாங்க. மறுபடியும் வரக்கூடிய நோவு இது.”

நான் மாமாவிடம் திரும்பினேன். “உங்களுக்குத் தெரியும்ல மாமா, நான் சட்டிய கவுத்தறது?”

“தெரியும்மா.”

“ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

அவர் டைகரின் கிழிந்த காதை விரலால் நீவிக்கொண்டிருந்தார். அதற்குள் கம்பவுண்டர் சாயந்திரக் காப்பியைக் கொண்டுவந்தார். மாமா கையை உயர்த்தி வேண்டாம் என்றார்.

“மூணு நாளா பாக்கறேன் பெரியவரே” என்றார் டாக்டர். “சாயங்காலமானா காப்பி வாணாம், தண்ணி வாணாம்ங்கறீங்க. ஒதடெல்லாம் வெடிச்சிருக்கு. நோம்பா?”

மாமா கொஞ்சம் சிரித்தார். “இல்ல டாக்டர், பழகிப்போச்சு. அசருக்கு மேல நான் எதுவும் குடிக்கறதில்ல. வயசாயிடுச்சுல்ல, ராத்திரியில அடக்க முடியல. படுக்க நனைஞ்சிடுது. புள்ளைக்குக் கஷ்டம்.”

மிகச் சாதாரணமாகச் சொன்னார். என்னைப் பற்றிப் புகார் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

அதற்கு முந்தின ஐப்பசியில் ஒரு நாள் அவர் படுக்கை நனைந்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது. மெத்தையைத் தரதரவென்று கிணற்றடிக்கு இழுத்துப் போட்டு, மத்தியானம் வரை அடித்துத் துவைத்தேன், தெருவுக்கே கேட்கும்படி. அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் அவர் கட்டிலடியில் நான் வைக்கும் கூஜா காலையில் அப்படியே நிறைந்திருக்கும். வயசானவர்களுக்குத் தாகம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே எங்கோ பள்ளிவாசலில் அசர் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். மூலையில் இருந்த பானையில் ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு மாமாவிடம் கொடுத்தேன். மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் வாங்கிக்கொண்டார். பாதி குடித்துவிட்டு நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தார்.

“மீதியையும் குடிங்க மாமா” என்றேன்.